ஜீரோ பாத்துக்கோங்க

எண்ணூர் நெடுஞ்சாலையில்
துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள்
வரிசையாய்த் தூங்கும் இடத்தில் எங்கள் பங்க்.
நான் நாலாம் நம்பர் பம்பு.
சட்டையில் இக்னேஷியஸ் என்று தைத்திருக்கிறது.
கூப்பிடுவது இக்னேசி.

முதல் வாரம் மும்தாஜ்
ஒரு பிஸ்கட் பெட்டியின் மூடியைக் கிழித்து
என் ஆறு வாக்கியங்களை எழுதி
பம்புக்குப் பின்னால் ஒட்டினாள்.
வாங்க.
எவ்வளவுக்கு?
ஜீரோ பாத்துக்கோங்க.
கேஷா, ஸ்கேனா?
பாக்கி இந்தாங்க.
அடுத்த வண்டி வாங்க.
மூணாம் பம்பில் அவளுக்கும் இதே ஆறுதான்.
அட்டை மட்டும் கிடையாது.

பள்ளியில் ஒரு டீச்சர்
என் முகவாயைப் பிடித்துத் திருப்புவார்,
கண்ணைப் பார்த்துப் பேசு என்று.
ஸ்டார்ட்டர் போன டியூப்லைட் மாதிரி
துடித்துக்கொண்டே இருக்கும் அது.
அதையும் பார்த்துக்கொண்டு
சொல்லையும் எப்படிக் கேட்பது?
இங்கே வருகிறவர்கள் மீட்டரைப் பார்க்கிறார்கள்.
நானும் மீட்டரைப் பார்க்கிறேன்.
இரண்டு பேர் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது
கிட்டத்தட்ட பேச்சு மாதிரிதான்.

ராயபுரத்தில் சித்தி மகன் கல்யாணத்தில் மீட்டர் இல்லை.
"எப்படிடா இருக்க?" என்றவருக்கு
எவ்வளவு ஊற்றுவது, எப்போது நாசிலை வெளியே எடுப்பது,
தெரியாமல்
பிரியாணி அண்டா பக்கம் போய் நின்றுகொண்டேன்.
அண்டா என்னை ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு ஷிப்டுக்கு இருநூறு "எவ்வளவுக்கு".
காசிமேட்டிலிருந்து வரும் மீன் வண்டிக்கு
வேகமாகச் சொல்ல வேண்டும், ஐஸ் உருகும்.
ஹெல்மெட்டைக் கழற்றாதவரிடம் உரக்க.
குழந்தை தோளில் தூங்கினால் மெதுவாக.
இது அட்டையில் இல்லை.
ஆயிரமாவது தடவையோ, அதற்கும் பிறகோ
வாய்க்குத் தானாகத் தெரிந்திருந்தது.

டில்லிபாபு ஆட்டோவுக்குத் தினமும் இருநூறு ரூபாய்க்கு.
ஒருநாள் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
"உன்ன நம்பறேன் நைனா, போடு."
நம்புவதற்கு வாக்கியம் இல்லை.
நாசிலைப் பிடித்தபடி நின்றேன்.
பின்னால் ஆறு ஹாரன்,
என் காதுக்குள் ஆறும் தனித்தனியாக.
"ஜீரோ பாத்துக்கோங்க."
"அட போடுபா."
"ஜீரோ பாத்துக்கோங்க."
மும்தாஜ் ஓடிவந்தாள்.
"ஒரு தபா பாருண்ணா, இன்னா கொறஞ்சிடப் போற."
பார்த்தார்.

மறுநாளிலிருந்து வளைவில் திரும்பும்போதே
"பாத்துட்டேன், பாத்துட்டேன்" என்று கத்திக்கொண்டு வருகிறார்.
நான் இன்னும் ஜீரோ வைக்கவே இல்லை.
அது பொய் என்றேன். சிரித்தார்.
கேலியா என்று மும்தாஜிடம் கேட்டேன்.
இல்லையாம்.
அது சிநேகமாம். எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னாள்.
அட்டையில் இடம் இல்லை.

நேற்று பின்சீட்டில் அவர் மனைவி.
வலது கையில் புது மாவுக்கட்டு,
ஸ்டான்லி ஆஸ்பத்திரி சீட்டு மடியில்.
ஆறு வாக்கியமும் வண்டி ஓட்டுகிறவருக்கு.
அந்த அம்மாவுக்கென்று ஒன்றும் இல்லை.
இருநூறும் ஏறி முடிந்தது, ஸ்கேன் ஆனது.
அடுத்த வண்டியைக் கூப்பிட வேண்டியதுதான்.
கூப்பிடவில்லை.
என்னிடம் இருந்த ஒரு கேள்வியையே
திருப்பி எடுத்துக் கேட்டேன்:
"வலி எவ்வளவுக்கு?"

டில்லிபாபு திரும்பிப் பார்த்தார்.
அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார்.
"காலைல ஐந்நூறுக்கு இருந்துச்சுப்பா.
இப்போ ஒரு நூறு, நூத்தம்பது."

மீட்டரைப் பார்த்தேன். அந்தக் கணக்கு அதில் இல்லை.
அவர் பக்கம் திரும்பினேன்.
மூக்குத்தி வரை போக முடிந்தது.
கண்ணுக்கு ரெண்டு விரற்கடை கீழே.
பச்சைக்கல், ஒரு முனை உடைந்திருந்தது.
அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

"ஜீரோ ஆனதும் சொல்லுங்க" என்றேன்.

பின்னால் ஹாரன்.
அடுத்த வண்டி வாங்க.